மஞ்சள்தூளில் ஈயமா? குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்)
எங்கள் இரண்டரை வயது மகளுக்கு அவளுடைய அம்மாயி தினமும் இரவில் மஞ்சள்பால் கொடுக்கிறார். வங்கதேசத்துக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் காணப்பட்ட ஈயத்துக்கு மஞ்சள்தூளே முக்கியக் காரணம் என்று 2019இல் வந்த ஆய்வைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஒப்பவில்லை. நிறுத்திவிட வேண்டுமா?

பதில் 1 (குழந்தைநல மருத்துவர், கோவை)
மஞ்சளை நிறுத்த வேண்டியதில்லை; எந்த மஞ்சள் என்று பார்த்தால் போதும். வங்கதேசத்தில் 1980களின் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய கிழங்கைப் பளிச்சென்று காட்ட, ஈய குரோமேட் என்னும் சாயப்பொடியைப் பூசத் தொடங்கினார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இரத்தத்திலிருந்த ஈயத்தின் ஐசோடோப்புகளை (எடையில் சற்றே வேறுபடும் ஈய அணு வகைகளை) அந்தச் சாயத்தோடு ஒப்பிட்டுத்தான் இதை உறுதிசெய்தார்கள். அதன்பின் அரசு சோதனையும் அபராதமுமாக இறங்கியதில், 2019இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் இருந்த ஈயம் 2021இல் ஒன்றில்கூட இல்லை.

உண்ணும் ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தையின் உடல் ஈர்த்துக்கொள்ளும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இன்னும் கூடும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்பதால், ஐயமிருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாகவும் அது சொல்லவில்லை.

பதில் 2 (மஞ்சள் விவசாயி, மொடக்குறிச்சி)
வேகவைத்துக் களத்தில் காய்ந்த விரலி மஞ்சள், தோல் சொரசொரத்து அழுக்கு நிறமாகத்தான் இருக்கும். பீப்பாயில் போட்டுச் சுற்றினால் தோல் உதிர்ந்து மெருகு வரும். ஆனாலும் எலுமிச்சை நிறத்தில் மின்னாது. ஒருமுறை நிறம் போதவில்லை என்று ஒரு வியாபாரி என் சரக்கை விலை குறைத்துத்தான் எடுத்தார். இந்த ஆசைதான் சாயத்துக்கு வழிவிடுகிறது. சகோதரி, விரலியாகவே வாங்குங்கள். நன்றாகக் காய்ந்தது கணீரென்று ஒடியும். கண்ணாடித் தம்ளர் நீரில் ஒரு விரலியைப் போட்டவுடன் மஞ்சள் கரைந்து இறங்கினால் அதை ஒதுக்கிவிடுங்கள். நல்லதாக இருந்தால் பக்கத்து அரவை மில்லில் உங்கள் கண்முன்னே அரைத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்
இருவருக்கும் நன்றி. இரத்தப் பரிசோதனைக்கு இந்த வாரமே அழைத்துப் போகிறோம். இன்னொன்று: வீட்டில் ஈயச்சொம்பில்தான் ரசம் வைக்கிறோம். அதுவும் ஆபத்தா?

பதில் 3 (மருத்துவர்)
பெயர்தான் குழப்புகிறது. ரசச் சொம்பு செய்யப்படும் வெள்ளீயம் வேறு, நாம் பேசும் காரீயம் வேறு. ஆனால் மலிவான சொம்பில் காரீயம் கலந்திருந்தால், புளியின் அமிலம் அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். எங்கே வாங்கியது என்று தெரியாத சொம்பானால், குழந்தை சாப்பிடும் ரசத்தை எவர்சில்வர் பாத்திரத்தில் வையுங்கள்.