ஓட்டை இல்லாத ஃப்ரேமில் பின் கேரியர்: கிளாம்பா, ஆக்ஸிலா?

மாதவரம் மிதி
என் சைக்கிள்: 29 இன்ச் சக்கரம், அலுமினிய ஃப்ரேம், குவிக் ரிலீஸ் (நெம்பைத் திருப்பினால் சக்கரம் கழலும் வகை), முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். சீட் ஸ்டேயிலோ (சீட்டுக்கு அடியிலிருந்து பின் சக்கரத்துக்கு இறங்கும் ட்யூப்), ட்ராப் அவுட்டிலோ (பின் ஆக்ஸில் உட்காரும் பிளவு) கேரியர் மாட்ட ஓட்டையே கிடையாது. லேப்டாப், சாப்பாடு, திரும்பும்போது காய்கறி என்று 12 கிலோ வரும், மிஞ்சினால் 15. சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் கம்பம்) மட்டும் கவ்வும் கேரியரே போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா?

நைலாக்
போதாது. சீட் போஸ்ட் கேரியர்களில் பெரும்பாலும் 7 முதல் 9 கிலோ வரைதான் வரம்பு போட்டிருப்பார்கள். ஒரே இடத்தில் கவ்விக்கொண்டு பின்னால் நீட்டி நிற்கிறது, கீழே தாங்கக் கால் இல்லை. திருப்பத்தில் வால் ஆடும், போஸ்ட்டைச் சுற்றியே திரும்பிக்கொள்ளும். கார்பன் போஸ்ட்டில் மாட்டவே கூடாது.

நாலு பி-கிளாம்ப் வாங்குங்கள், ட்யூபைச் சுற்றிக் கவ்வும் பட்டை, உள்ளே ரப்பர் வைத்தது. மேலே ரெண்டு, கீழே ரெண்டு. எம்5 போல்ட் (5 மில்லி), நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வைத்த, தளராத நட்). சீட் ஸ்டேயை வெர்னியரால் அளந்து அதே அளவு கிளாம்ப் எடுங்கள். செலவும் குறைவு, ஃப்ரேமுக்கும் சேதமில்லை.

மில்லிமீட்டர்
மேலே கிளாம்ப் சரி. கீழே கிளாம்ப் தப்பு, நைலாக் ப்ரோ.

கேரியரின் மேல் கம்பிகள் சும்மா முன்னும் பின்னும் சாயாமல் பிடித்துக்கொள்கின்றன. எடை மொத்தமும் கீழ்க் கால்கள் வழியாகத்தான் இறங்குகிறது. அதை ரப்பரின் உராய்வை நம்பி விடச் சொல்கிறீர்கள். கிளாம்பில் போல்ட் போகும் ரெண்டு காதும் ஒன்றையொன்று முட்டிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் அந்த விசை காதோடு நின்றுவிடும், ட்யூபுக்குப் போகாது. போதாததற்கு சீட் ஸ்டே கீழே போகப் போக ஒடுங்கும், பல ஃப்ரேம்களில் முட்டை வடிவம் வேறு. வட்டக் கிளாம்ப் அதில் ரெண்டு இடத்தில்தான் தொடும். வேகத்தடை ஏறி இறங்க இறங்க மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கீழே நழுவும். நழுவும் வழியில் பெயின்ட்டைச் சுரண்டும், பிரேக் ஹோஸ் இருந்தால் அதையும் நசுக்கும்.

எடையை ஆக்ஸிலுக்கே கொடுங்கள். நம் ஊர் பழைய ரோட்ஸ்டர் சைக்கிளைப் பாருங்கள். கேரியர் கால் பின் ஆக்ஸிலில் நட்டுக்கு அடியில் மாட்டியிருக்கும். அதில்தான் அரிசி மூட்டையும் பால் கேனும் போயின.

நைலாக்
நழுவுகிறது என்றால் மாட்டிய இடம் தப்பு. ட்ராப் அவுட் வெல்டிங்குக்குச் சரியாக மேலே, அதில் உட்காரும்படி கிளாம்பை வையுங்கள். கீழே போக இடமே இல்லாதபோது எங்கே நழுவும்? லூஸாக இருந்தால் பழைய ட்யூபில் ஒரு துண்டு வெட்டி ஒரே ஒரு சுற்று. ரெண்டு மூன்று சுற்று சுற்றினால் ரப்பர் மேல் ரப்பர் வழுக்கும். 12 கிலோவுக்கு இது தாராளம்.

ஆக்ஸில் கட்சிக்கு ஒரு கேள்வி: மூட்டையோடு பஞ்சர் ஆனால்? குவிக் ரிலீஸைத் திறந்ததும் கேரியர் காலும் சேர்ந்து கழன்று வரும்.

மில்லிமீட்டர்
வெல்டிங் மேல் உட்காரவைப்பது நல்ல யோசனைதான், வலது பக்கத்துக்கு. இடது பக்கத்தில் அந்த இடத்தில் டிஸ்க் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பாகம்) உட்கார்ந்திருந்தால்? கிளாம்ப் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். ஒரு கால் உட்கார்ந்து நிற்கும், இன்னொரு கால் தொங்கும். தொங்குகிற பக்கம் இறங்க ஆரம்பித்தால் கேரியர் முறுக்கிக்கொள்ளும்.

பஞ்சர் விஷயம் உண்மை. மூட்டையை இறக்காமல் சக்கரத்தைக் கழற்ற முடியாது.

பட்டறை
இடையில் ஒன்று. யாராவது "ஒரு பட்டை வெல்டிங் அடித்துவிடு" என்று சொன்னால் கேட்காதீர்கள். சாதா இரும்பு ஃப்ரேமில் பித்தளை வைத்து ஒட்டலாம், பெயின்ட் கருகுவதோடு போகும். இது அலுமினியம். 6061 டி6 போன்ற, சூடேற்றிப் பதப்படுத்திய அலுமினியக் கலவை ஃப்ரேமில் சூடு பட்ட இடம் வலுவிழக்கும், மறுபடி ஹீட் ட்ரீட்மென்ட் செய்தால்தான் திரும்பும். தெருமுனை பட்டறையில் அது நடக்காது. ட்ராப் அவுட்டில் டிரில் போடுவதும் வேண்டாம். விரிசல் ஆரம்பிக்க அந்த ஓட்டையே போதும்.

மாதவரம் மிதி
காலிப்பர் சீட் ஸ்டே மேல்தான் இருக்கிறது சார். அப்படியென்றால் ஆக்ஸிலா? என்னென்ன வாங்க வேண்டும்?

மில்லிமீட்டர்
குவிக் ரிலீஸ் அடாப்டர் ஜோடி என்று கேளுங்கள். ட்ராப் அவுட்டின் வெளிமுகத்துக்கும் குவிக் ரிலீஸ் நட்டுக்கும் நடுவில் உட்காரும் இரும்புத் தகடு, அதில் எம்5 ஓட்டை இருக்கும். கூடவே நீளமான ஸ்கூவர் (ஆக்ஸிலுக்குள் நுழையும் குவிக் ரிலீஸ் கம்பி) கட்டாயம். பழையதையே போட்டால் தகட்டின் தடிமன் அளவுக்கு மரை குறையும், நட்டு நுனியில் தொங்கும், சக்கரமே கழன்றுவிடலாம். நட்டுக்குள் மரை முழுசாகப் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்குமுன் ட்ராப் அவுட்டின் வெளிமுகம் தட்டையாக இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். சில ஃப்ரேமில் குழி இருக்கும், சிலதில் டிரெயிலியர் ஹேங்கரின் (பின் கியர் மாற்றி தொங்கும் துண்டு) போல்ட் தலை துருத்திக்கொண்டிருக்கும். தகடு சாய்ந்து உட்கார்ந்தால் குவிக் ரிலீஸ் இறுகியது போலத் தெரியும், ஆனால் இறுகியிருக்காது.

மேலே சீட் போஸ்ட்டை இறுக்கும் வளையமான காலரைக் கழற்றிவிட்டு, ரெண்டு எம்5 ஓட்டை வைத்த காலர் போடுங்கள். சீட் ட்யூபின் வெளி விட்டத்தை அளந்து வாங்கவும். 31.6 மில்லி போஸ்ட் என்றால் பெரும்பாலும் 34.9 காலர். 27.2 என்றால் 28.6 அல்லது 31.8.

நைலாக்
காலிப்பர் இடிக்காமல் இருக்க இடது காலை வெளியே தள்ள வேண்டுமே? 20 மில்லி ஸ்பேசர் (இடைவெளிக்கு வைக்கும் குழாய்த் துண்டு) வைத்து நீள போல்ட் போடுவீர்கள். அது கிளாம்பை விட மோசம். கணக்குப் போடுவோம். சாமான் 15 கிலோ, கேரியர் 1 கிலோ. ஒரு காலுக்கு 80 நியூட்டன். குழியில் விழுந்தால் மூன்று மடங்கு வைத்துக்கொள்ளுங்கள், 240. அதை 20 மில்லி தள்ளி வைத்தால் 4800 நியூட்டன் மில்லிமீட்டர். எம்5 போல்ட்டின் மரை அடிவிட்டம் சுமார் 4 மில்லி. அதில் வளைவு அழுத்தம் 760 மெகா பாஸ்கல் வருகிறது. 8.8 கிரேடு போல்ட்டே 640-ல் வளையத் தொடங்கும். ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450-லேயே.

மில்லிமீட்டர்
கணக்கு சரி, போல்ட் லூஸாக இருந்தால். இறுக்கிய போல்ட்டில் வளைவைத் தாங்குவது ஸ்பேசர். 5 நியூட்டன் மீட்டர் இறுக்கினால் எம்5-ல் ஏறக்குறைய 5000 நியூட்டன் இழுவிசை கிடைக்கும். 12 மில்லி விட்டமுள்ள இரும்பு ஸ்பேசர் என்றால் அந்த இழுவிசையில் வளைவு 8000 நியூட்டன் மில்லிமீட்டருக்கு மேல் வரும்வரை இடைவெளி திறக்காது. உங்கள் 4800 அதற்குள் அடக்கம். பிளாஸ்டிக் குழாய்த் துண்டையோ வாஷர் அடுக்கையோ வைத்தால் இறுக்கம் தளர்ந்து, நீங்கள் சொன்ன நிலைமைதான். 10 மில்லியில் முடிந்தால் இன்னும் நல்லது. டிஸ்க் பிரேக் வண்டிக்கென்றே கால் வெளியே வளைந்த கேரியர் வருகிறது, கிடைத்தால் ஸ்பேசரே வேண்டாம்.

பட்டறை
மரையில் நீல நிற லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை), சிவப்பு வேண்டாம். சிவப்பைக் கழற்ற சூடு காட்ட வேண்டி வரும். முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். டயருக்கு மேல் குறைந்தது 15 மில்லி இடைவெளி. பக்கவாட்டுப் பை மாட்டினால் பெடலைப் பின்னால் கொண்டுவந்து குதிகால் இடிக்கிறதா பாருங்கள், இடித்தால் பையைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

நைலாக்
12 கிலோ தாண்டினால் ஆக்ஸில் என்று ஒப்புக்கொள்கிறேன். காலர் மாட்ட முடியாத ஃப்ரேமில் மேலே என் கிளாம்ப்தான். தினமும் 6 கிலோ பை மட்டும், ரிம் பிரேக் வண்டி என்றால் கீழேயும் கிளாம்ப்தான், அதில் மாற்றமில்லை.

மில்லிமீட்டர்
ரிம் பிரேக், 6 கிலோ, வெல்டிங் மேல் உட்கார்ந்த கிளாம்ப்: சரி. கார்பன் சீட் ஸ்டேயில் மட்டும் ஒரு கிலோவுக்கும் வேண்டாம். மாதவரம் நண்பரே, ஆர்டர் போடுமுன் வலது ட்ராப் அவுட்டின் வெளிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். ஹேங்கர் போல்ட் துருத்துகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.