புதுப்பிப்பு: வியர்க்காத குதிரை

சித்திரை வெயிலில் என் குதிரைக்கு மூச்சு வாங்குகிறது, உடம்பில் பொட்டு வியர்வை இல்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா?

கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டார். வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்யாமல் போகும் கோளாறாம். சென்னை மாதிரி புழுக்கமான ஊர்களில் குதிரைகளுக்கு வருவதுதான். உறுதியான மருந்து கிடையாது, உடம்பைக் குளிர வைப்பதே வைத்தியம். அன்றைக்கு தெர்மாமீட்டர் 40 டிகிரி செல்சியஸ் காட்டியது. வழக்கமாக 38ஐ ஒட்டித்தான் இருக்கும்.

இப்போது சவாரி விடியுமுன் மட்டும். திரும்பியதும் ஹோஸில் விடாமல் தண்ணீர், கொட்டகையில் பெரிய ஃபேன், தீவனத்தில் கொஞ்சம் உப்பு. "சூடா இருக்கும்போது தண்ணி காட்டாதே, வயிறு வலிக்கும்" என்ற அண்ணன்களே, மருத்துவர் சிரித்துவிட்டார்; தாராளமாகக் குடிக்கட்டும் என்கிறார்.

விலாவைத் தடவினால் இன்னும் காய்ந்த தோல்தான், காதடியிலும் பிடரிக்குக் கீழும் மட்டும் ஈரம். ஆனால் மூச்சு சீராகிவிட்டது. ஈக்காக மாட்டிய வலை முகமூடியைக் கிழித்துவிட்டாள், அது தனிக் கதை.