புதுப்பிப்பு: ரோடு பைக் ஹேண்டில்பாரை உயர்த்திய பிறகு

என் ரோடு பைக்கை (சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) ஒரு மணி நேரம் ஓட்டினாலே கழுத்து பிடித்துக்கொள்கிறது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். ஹேண்டில்பாரை உயர்த்திப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். செய்துவிட்டேன், நல்ல பலன்.

முதலில் ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரை முன் ஃபோர்க்கின் குழாயோடு இணைக்கும் துண்டு) மேலே இருந்த 10 மி.மீ. ஸ்பேசரை (இடைவெளி வளையம்) எடுத்து ஸ்டெம்முக்குக் கீழே மாட்டினேன். அது போதவில்லை. அப்புறம் ஸ்டெம்மையே தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். என்னுடையது 100 மி.மீ. நீளம், 6 டிகிரி சாய்வு. திருப்பியதில் மட்டும் சுமார் 2 செ.மீ. உயர்ந்தது. புதிதாக எதுவும் வாங்கவில்லை.

போல்ட்களை முறுக்கும் வரிசையில்தான் முதல் முறை தவறு செய்தேன். ஸ்டெம்மைக் குழாயோடு கவ்விப் பிடிக்கும் பக்க போல்ட்களை இறுக்கிவிட்டு, குழாயின் உச்சியில் இருக்கும் மேல்மூடியின் போல்ட்டை முறுக்கினேன். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் 'டொக் டொக்' என்று ஆடியது. மேல்மூடி போல்ட்டின் வேலையே ஹெட்செட் பேரிங்கின் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) ஆட்டத்தை எடுப்பதுதான். அதை முதலில் லேசாக முறுக்கி, ஆட்டம் நின்றதும் பக்க போல்ட்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு என் ஸ்டெம்மில் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருந்தது. உங்களுடையது கார்பன் குழாய் என்றால் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் தயவுசெய்து தொடாதீர்கள்.

பிரேக், கியர் கேபிள்கள்? ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தேன், எங்கேயும் இழுக்கவில்லை.

கழுத்து சரியாகிவிட்டது. விரல் மரத்துப்போவது மட்டும் பாதிதான் குறைந்தது. பார்த்தால், சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தது. உடம்பு முன்னால் சரிந்து எடை முழுக்கக் கைக்கு வந்திருக்கிறது. அதைச் சமமாக்கிவிட்டு நேற்று இரண்டரை மணி நேரம் ஓட்டினேன். ஒருமுறைகூடக் கையை உதறவில்லை.