பாங்காக்கில் ஒரு ராத்திரி முவாய் தாய்: மாமியாரையும் கூட்டிப் போகலாமா?

ஈரோடு கலா:
டிசம்பரில் பாங்காக் போகிறோம். நான், வீட்டுக்காரர், 13 வயசுப் பையன், மாமியார். நாலு ராத்திரிதான். பையன் மூன்று வருஷமாகக் கராத்தே பழகுகிறான், முவாய் தாய், அதுதான் தாய்லாந்துக் குத்துச்சண்டை, பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்கிறான். ஏஜென்ட் ஒருவர் வேன், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொல்கிறார். வாங்கலாமா? நிஜப் போட்டியா, சுற்றுலாக்காரர்களுக்காக நடத்தும் வேடிக்கையா? ரத்தம் அதிகம் இருக்குமா? மாமியார் கோழி அறுப்பதைக்கூடப் பார்க்க மாட்டார்.

சீலோம் கணக்குப்பிள்ளை:
பாங்காக்கின் சீலோம் பகுதியில் ஒரு ரத்தினக் கல் வியாபாரியிடம் ஆறு வருஷம் கணக்கு எழுதினேன். மாரியம்மன் கோயிலுக்குப் பின் சந்தில் அறை. சம்பளம் வந்த வாரம் தவறாமல் ராஜதம்னொன் ஸ்டேடியத்துக்கு முவாய் தாய் பார்க்கப் போவேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் டிக்கெட் வேண்டாம். என் மச்சான் வந்தபோது ஒருவரிடம் அப்படித்தான் வாங்கி, நேரில் வாங்கினால் ஆகும் விலையைப்போல் இரண்டு மடங்கு அழுதோம். ஸ்டேடியத்தின் இணையதளத்திலேயே வாங்குங்கள். வாசலில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வழிமறிப்பவர்களிடமும் வேண்டாம். சில சுற்றுலா ஊர்களில் பாருக்குள் ரிங் போட்டு ஆடுகிறார்களே, அதில் பாதி நடிப்பு.

நிஜப் போட்டிக்குப் பெயர்போனவை இரண்டு. ராஜதம்னொன் 1945-இல் திறந்தது, பழைய நகரப் பக்கம். லும்பினி 1956-இல் வந்தது, ராணுவத்தின் கையில் இருப்பது, 2014-இல் டான் முவாங் விமான நிலையப் பக்கம் போய்விட்டது. உங்களுக்கு ராஜதம்னொன்தான் தோது. ஒன்று மட்டும் பார்த்து வாங்குங்கள்: இப்போது சில நாள் மூன்று ரவுண்டு போட்டி வைக்கிறார்கள், டிவிக்காக. ஐந்து ரவுண்டு நடக்கும் நாளாகப் பாருங்கள். என்னைக் கேட்டால் முவாய் தாய் என்பது அந்த ஐந்துதான்.

ஏன் என்றால், முதல் இரண்டு ரவுண்டில் ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும். மச்சான் போனை எடுத்துவிட்டான். ஒருவரை ஒருவர் கணக்கெடுக்கும் நேரம் அது. மூன்றாவதில் மேல் வரிசையில் பந்தயக்காரர்கள் எழுந்து விரலை ஆட்டி ஆட்டிக் கத்த ஆரம்பித்தால், விஷயம் சூடுபிடித்துவிட்டது என்று அர்த்தம். மூன்றும் நாலும்தான் உயிர். ஐந்தாவதில் முன்னணியில் இருப்பவன் பின்னால் நகர்ந்து நகர்ந்து ஆடுவான். பயந்துவிட்டான் என்று பையன் நினைக்கப்போகிறான். இல்லை, ‘நான் ஜெயித்தாகிவிட்டது, முடிந்தால் வாடா’ என்று சொல்கிறான்.

மார்க் போடுவதும் வேறு. முகத்தில் நாலு குத்து விட்டவனைவிட, விலாவில் ஓர் உதை விட்டு எதிராளியைத் தடுமாற வைத்தவனுக்கு மதிப்பு அதிகம். அந்த உதையும் பாதத்தால் இல்லை, முட்டிக்குக் கீழே முன்பக்க எலும்பால். நாற்பத்தொரு வயசில் எனக்கும் ஆசை வந்து ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தேன். முதல் நாள் பாதத்தால் உதைத்து மூன்று நாள் நொண்டினேன். கையில் தடித்த மெத்தையோடு நின்ற க்ரூ, ‘சபாய், சபாய்’ என்று சிரித்தார். நிதானமாக, அலட்டிக்கொள்ளாமல் என்று அர்த்தம். க்ரூ என்றால் வேறொன்றுமில்லை, நம் குருதான்.

ரத்தம்? முழங்கையால் புருவத்தில் கீறினால் வரும். எல்லாச் சண்டையிலும் இல்லை.

நாகர்கோவில் டீச்சர்:
நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு. போன வருஷம் போயிருந்தேன். பெரியவர்கள் போட்டி சரி. ஆனால் முதலில் இறங்கிய இருவரும் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள், சுற்றிலும் பணம் கைமாறிக்கொண்டிருந்தது. 2018-இல் பாங்காக்கை ஒட்டிய சமுத் பிராகானில் 13 வயசுப் பையன் ஒருவன் ரிங்கில் அடிபட்டு இறந்தான், எட்டு வயசிலிருந்து சண்டை போட்டவன். கலா, உங்கள் பையனிடம் இதையும் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

சீலோம் கணக்குப்பிள்ளை:
டீச்சர் சொல்வதை மறுக்க மாட்டேன். என் க்ரூவே வடகிழக்குத் தாய்லாந்தின் புரிராமில் நெல் விதைக்கிற வீட்டுப் பிள்ளை, ஒன்பது வயசில் ரிங் ஏறியவர். அந்தப் பணத்தில்தான் தங்கை படித்தாள் என்பார். பெருமையாகத்தான் சொல்வார். உங்கள் மகன் இறங்குவானா என்று ஒருநாள் கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

ஈரோடு கலா:
டீச்சர், கட்டாயம் சொல்கிறேன். அண்ணா, சண்டைக்கு முன்னால் ஏதோ டான்ஸ் ஆடுவார்களாமே? மாமியாருக்கு அதாவது பிடிக்குமா?

சீலோம் கணக்குப்பிள்ளை:
மாமியாருக்கு அதுதான் பிடிக்கும்! வாய் க்ரூ, அதாவது குரு வணக்கம். ரிங்கைச் சுற்றி வந்து, மண்டியிட்டு மூன்று தரம் கும்பிட்டு, அப்புறம் ராம் முவாய் என்கிற ஆட்டம். தலையில் கட்டியிருக்கும் வளையத்துக்கு மொங்கொன் என்று பெயர், நம் ‘மங்கலம்’ என்ற சொல்லேதான். ஆட்டம் முடிந்ததும் க்ரூ கையால்தான் அதைக் கழற்ற வேண்டும். சிலர் ராமர் அம்பு விடுவது போலவே ஆடிக் காட்டுவார்கள். பழைய அடிமுறை ஒன்றுக்கு ‘அனுமன் கணையாழி கொடுத்தல்’ என்று பெயர், இரண்டு கையையும் சேர்த்து மோவாயில் கீழிருந்து மேலே குத்துவது. கணையாழியை இவ்வளவு பலமாகக் கொடுத்தால் சீதை வாங்கியிருக்க மாட்டாள்.

பக்கத்திலேயே ஆட்கள் உட்கார்ந்து வாசிப்பார்கள்: இரண்டு மத்தளம், ஒரு ஜால்ரா, நாயனம் மாதிரி ஒரு குழல், ஆனால் இன்னும் கீச்சு. சண்டை ஏற ஏற வாசிப்பும் வேகமாகும். மாமியார் ரிங்கைப் பார்க்க வேண்டாம், குழல்காரர் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ரிங் ஓரத்து விலை உயர்ந்த சீட் வேண்டாம், வியர்வை தெறிக்கும். இரண்டாம் வகுப்பில், வாத்தியக்காரர்களுக்கு எதிர்ப்பக்கம் கேளுங்கள். சண்டைக்காரர்கள் உடம்பில் பூசும் தைல நெடி அங்கேயும் வரும், அமிர்தாஞ்சன் டப்பாவுக்குள் தலையை விட்ட மாதிரி.

ஈரோடு கலா:
தைலம் என்றதும் மாமியார் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.