உதவி தேவை: இன்னொருவர் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கும் நாளில் கையில் என்ன செயல்பாடு வைத்துக்கொள்வது?

மலைப்பள்ளி டீச்சர் (ஏற்காடு):

எல்லோருக்கும் வணக்கம். சேர்வராயன் மலையில் ஒரு தொடக்கப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. 1, 2, 3 வகுப்புகள் என்னிடம். 4, 5 தலைமையாசிரியரிடம். அவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ மலையிறங்கிச் சேலம் போனால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில் என் பொறுப்பு.

பயிற்சி என்றால் முன்னதாகவே தெரிந்துவிடும். சில நாள் காலை எட்டு மணிக்கு மேல்தான் போன் வரும். 4, 5 வகுப்பில் பாடம் எந்த இடத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் போனில் சொல்லும் பயிற்சியைக் கொடுத்தால் பெரிய பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் முடித்துவிட்டு சின்னவர்களைச் சீண்டுகிறார்கள். ஒன்றாம் வகுப்பில் இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோரையும் படம் வரையச் சொல்வது, வாய்ப்பாடு சொல்ல வைப்பது, பாட்டு. இது மூன்றும் தீர்ந்த பிறகும் மதியம் முழுதாக மிச்சம் இருக்கிறது.

இப்போது ஐப்பசி மழை வேறு. பனிமூட்டம் இறங்கினால் கொடிக்கம்பம்கூடத் தெரியாது. வெளியே அனுப்ப முடியாது. இணையமும் வரும், போகும், நம்ப முடியாது.

எனக்கு வேண்டியது இதுதான். முன் தயாரிப்பு இல்லாமல் உடனே தொடங்கும்படி, ஐந்து வகுப்புக்கும் ஒன்றாகச் செய்யும்படி, பிள்ளைகள் உண்மையாகவே ஏதாவது கற்றுக்கொள்ளும்படியான செயல்பாடுகள். தலைமையாசிரியர் வைத்திருக்கும் பாடத்தைத் தொடலாமா என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஐந்துரோடு சார்:

டீச்சர், கதை வீடியோக்கள், எழுத்துப் பாடல் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. வீட்டில் வைஃபை இருக்கும்போது ஒரு பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொண்டால் நெட் தேவைப்படாது.

மலைப்பள்ளி டீச்சர்:

நன்றி சார். மழைக்காலத்தில் கரண்டும் அடிக்கடி போகும். அதனால்தான் கையால் செய்யக்கூடியதாகக் கேட்டேன்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் (அயோத்தியாப்பட்டணம்):

அம்மா, நீங்கள் கேட்டிருப்பது முக்கியமான கேள்வி. ஐந்து வகுப்புக்கு ஐந்து வேலை தேடினால் உங்களால் ஓடி முடியாது. ஒரே வேலையைக் கொடுங்கள், அதற்கு ஆழம் மட்டும் வேறாக இருக்கட்டும். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோமே, அதே எண்ணம்தான். அங்கே நிலைக்குத் தகுந்த பயிற்சி தனித்தனியாக வரும். இங்கே பொருள் ஒன்று, கேள்வி மட்டும் மாறும்.

உதாரணத்துக்குக் கூழாங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். புளியங்கொட்டையோ காய்ந்த காப்பிக்கொட்டையோ இருந்தாலும் சரி. எல்லோரும் ஒரு கை அள்ளட்டும். எண்ணுவதற்கு முன்னால் எத்தனை இருக்கும் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். பிறகு எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு இதுவே போதும். இரண்டாம் வகுப்பு இரண்டு பேர் கல்லைச் சேர்த்துப் பத்துப் பத்தாகக் குவிக்கட்டும். 27 என்றால் இரண்டு குவியல், ஏழு உதிரி என்று கண்ணால் பார்ப்பார்கள். மூன்றாம் வகுப்பு அதே கல்லை மூன்று பேருக்கு, நான்கு பேருக்குச் சமமாகப் பங்கு வைத்து, மீதி எத்தனை என்று சொல்லட்டும்.

4, 5 வகுப்புக்குத்தான் இதில் விருந்தே இருக்கிறது. 12 கல்லைக் கொடுத்து, இடைவெளி இல்லாமல் செவ்வகமாக அடுக்கச் சொல்லுங்கள். ஒரே வரிசையில் பன்னிரண்டு, இரண்டு வரிசையில் ஆறாறு, மூன்று வரிசையில் நான்கு நான்கு. மூன்று விதம் கிடைக்கும். அடுத்து 13 கொடுங்கள். எப்படித் திருப்பினாலும் ஒரே வரிசைதான். 1 முதல் 30 வரை எந்தெந்த எண் ஒரே வரிசையில் மாட்டிக்கொள்கிறது என்று அவர்களே கண்டுபிடித்துப் பட்டியல் எழுதட்டும். காரணிகளும் பகா எண்களும் உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லாமலே வந்துவிடும். இதற்கு ஒரு மணி நேரம் தாராளமாகப் போகும். நீங்கள் அந்த நேரத்தில் ஒன்றாம் வகுப்போடு தரையில் உட்காரலாம்.

இன்னொன்று. 2007-08இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தபோது சுவரின் அடிப்பக்கத்தில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்கள். உங்கள் வகுப்பறையில் அது இன்னும் இருந்தால், பிள்ளைக்கு ஒரு கட்டம் கோடு போட்டுக் கொடுத்துவிடுங்கள். அவரவர் கண்டுபிடித்ததை அவரவர் கட்டத்தில் எழுதுவார்கள். நீங்கள் நின்ற இடத்திலிருந்தே யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரியும். நோட்டை வாங்கிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அம்மாப்பேட்டை அக்கா:

நான் தனியார் பள்ளியில் இருக்கிறேன். எங்களுக்கு சப்ஸ்டிட்யூஷன் பீரியட் நாற்பது நிமிடம். உள்ளே நுழைந்ததும் "இன்னைக்கு விளையாட விடுங்க மிஸ்" என்று மொத்த வகுப்பும் கத்தும். பக்கத்து வகுப்பில் பாடம் நடக்கும். அதனால் சத்தம் இல்லாமல் தொடங்கும் ஒன்றை முதலில் வைப்பேன். எல்லோரும் கண்ணை மூடி ஒரு நிமிடம் காதில் விழுவதையெல்லாம் கவனிக்க வேண்டும். பிறகு நோட்டில் எழுத வேண்டும். எங்கள் பக்கம் தறிச் சத்தம், பஸ் ஹாரன், குக்கர் விசில் என்று வரும். உங்கள் பக்கம் குருவிகளே இருபது விதம் கேட்குமே! எழுதத் தெரியாத பிள்ளை படமாகப் போடலாம். அப்புறம் மனிதர் எழுப்பிய சத்தம், விலங்கு பறவையின் சத்தம், இயந்திரச் சத்தம் என்று பிரிக்கச் சொல்லலாம். அந்த ஒரு நிமிட அமைதியில் வகுப்பு நம் கைக்கு வந்துவிடும்.

மொழிக்கு நிறையப் பேர் சொல்லும் யோசனை, கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டு. தமிழில் அதை அப்படியே வைத்தால் நின்றுபோகும். ஒருவர் "மலை" என்றால் அடுத்தவர் "லை"யில் எங்கே தொடங்குவார்? "மரம்" என்றால் மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. நான் விதியை மாற்றிவிட்டேன். அந்த எழுத்து அடுத்த சொல்லில் எங்கே வந்தாலும் சரி. மலை, தலையணை, துணை என்று போகும். சிலர் யானைத்துணை என்று புதிதாக உருவாக்கப் பார்ப்பார்கள், அப்படி ஒரு சொல் உண்டா இல்லையா என்று வகுப்பே தீர்ப்பு சொல்லட்டும். பெரிய பிள்ளைகளுக்கு விதியை இறுக்கலாம். மூன்றெழுத்துக்குக் குறையக் கூடாது, அல்லது வினைச்சொல் மட்டும்.

உங்கள் ஊருக்கு இன்னொன்று நன்றாகப் பொருந்தும். ல, ள, ழ வேட்டை. மலை, மிளகு, மழை மூன்றும் உங்கள் வாசலிலேயே இருக்கின்றன. சுவரில் மூன்று பத்தி கிழித்து, கண்ணில் படும் பொருள், தெரிந்த ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் அந்தந்தப் பத்தியில் சேர்க்கச் சொல்லுங்கள். வாழவந்தி எங்கே போகும், நாகலூர் எங்கே போகும் என்று சண்டையே வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்ல, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதலாம்.

ஓமலூர் அம்மா:

நான் டீச்சர் இல்லை, பெற்றோர். என் பையனுக்கு டீச்சர் வராத நாளெல்லாம் 1 முதல் 100 வரை எழுதும் வேலைதான். மூன்றாம் வகுப்பு வந்தும் அதேதான். எழுதி எழுதி அவனுக்குக் கணக்கு என்றாலே கசக்கிறது. நீங்கள் இவ்வளவு யோசிப்பதைப் பார்க்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கிறது டீச்சர்.

வாழப்பாடி சார்:

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. தினமும் புதுப்புதுச் செயல்பாடு என்று போனால் தலைமையாசிரியர் திரும்பி வரும்போது பாடம் அப்படியே நிற்கும். பருவத் தேர்வு யாருக்காகவும் காத்திருக்காது. வாய்ப்பாடும் சொல்வதெழுதுதலும் பழசாக இருந்தாலும் பலன் தருபவை. அவற்றை ஒதுக்க வேண்டாம். பாடத்தைத் தொடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதுப் பாடம் தொடங்காதீர்கள். முடிந்த பாடத்தைத் திருப்பிப் பார்ப்பதில் தவறே இல்லை. புத்தகத்தில் எந்தப் பக்கம் வரை எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளிடம் வாங்கிப் பார்த்தாலே எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் (அயோத்தியாப்பட்டணம்):

வாழப்பாடி சார் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். புதுப் பாடம் தொடங்க வேண்டாம் என்பது சரியே. ஒருவர் ஒரு விதமாகத் தொடங்கி, இன்னொருவர் வேறு விதமாகச் சொன்னால் குழந்தை குழம்பும். ஆனால் வாய்ப்பாட்டை எல்லோரும் சேர்ந்து கத்தும்போது தெரியாத பிள்ளை அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளும். நமக்கு எதுவும் தெரியாமல் போய்விடும். கல்லை அடுக்கினால் ஒளிய இடம் இல்லை. அதுவும் வாய்ப்பாடுதான் சார்.

திருப்பிப் பார்ப்பதற்கும் ஒரு வழி சொல்கிறேன். நான் மனதில் 1 முதல் 100க்குள் ஒரு எண் நினைத்துக்கொள்வேன். பிள்ளைகள் ஒரு எண் சொன்னால் "கூட" அல்லது "குறைய" என்று மட்டும் பதில் வரும். முதலில் கண்டபடி சொல்வார்கள். கொஞ்சம் விளையாடியதும் யாராவது ஒரு பிள்ளை 50இல் தொடங்கும். அங்கேதான் கற்றல் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டிக்கொண்டே போனால் எந்த எண்ணாக இருந்தாலும் ஏழு கேள்விக்குள் பிடித்துவிடலாம். ஏன் ஏழு என்பதை ஐந்தாம் வகுப்பு யோசிக்கட்டும். சின்னவர்களுக்கு 1 முதல் 20 வரை வைத்தால் போதும்.

மார்கழி வந்துவிட்டால் கோலத்தை விடாதீர்கள். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று நேர்ப்புள்ளி வையுங்கள். மொத்தம் எத்தனை புள்ளி? சின்னவர்கள் ஒவ்வொன்றாக எண்ணி 25 என்பார்கள். பெரியவர்களிடம் எண்ணாமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தலையைச் சாய்த்துக் குறுக்காகப் பார்த்தால் நான்கு வரிசையில் நான்கு புள்ளியும், அவற்றுக்கு இடையில் மூன்று வரிசையில் மூன்று புள்ளியும் தெரியும். 16, 9, ஆக 25. இதைப் பார்த்த பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

மலைப்பள்ளி டீச்சர்:

ஐயா, அக்கா, சார், அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த வாரம் தலைமையாசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தார். கல் அடுக்குவதை வைத்தேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் "ஒற்றைப்படை எண் எல்லாமே ஒரே வரிசைதான் டீச்சர்" என்று அடித்துச் சொன்னான். 3, 5, 7 வரை அவன் சொன்னது சரியாக வந்தது. நான்காம் வகுப்புப் பெண் 9ஐ மூன்று மூன்றாக அடுக்கி அவன் முன்னால் நகர்த்தி வைத்தாள். அவன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 15ஐ எடுத்துத் தானே அடுக்க ஆரம்பித்துவிட்டான். மதிய உணவு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

காப்பிப் பழம் பறிக்கும் சமயம் என்பதால் ஒரு பெண் உதிர்ந்த பழம் நாலைந்து கொண்டுவந்திருந்தாள். பிதுக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு கொட்டை. பத்துப் பழத்தில் எத்தனை என்று மூன்றாம் வகுப்பே கேள்வி போட்டுக்கொண்டது. சில பழத்தில் உருண்டையாக ஒரே கொட்டை இருக்கும், அப்போது கணக்குத் தப்பும் என்று அவள்தான் எல்லோருக்கும் சொன்னாள். அவள் அப்பா எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். வகுப்பில் வாயே திறக்காத பெண்.

இரண்டு சந்தேகம் மிச்சம். எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் பிள்ளையை என்ன செய்வது? 1ஐ ஒரே வரிசைப் பட்டியலில் சேர்க்கலாமா? பிள்ளைகள் கேட்டார்கள், அப்புறம் சொல்கிறேன் என்று வைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் (அயோத்தியாப்பட்டணம்):

1 பகா எண் இல்லை அம்மா. பகா எண்ணுக்கு 1, அதே எண் என்று வெவ்வேறான இரண்டு காரணிகள் இருக்க வேண்டும். 1க்கு ஒரே காரணிதான். பட்டியலில் அதைத் தனியாக ஒரு வட்டம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். 2 மட்டுமே பட்டியலில் உள்ள இரட்டைப்படை எண் என்பதையும் அவர்களே கவனிக்கிறார்களா என்று பாருங்கள். நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

அம்மாப்பேட்டை அக்கா:

முந்திக்கொள்ளும் பிள்ளைக்கு எழுத்தர் வேலை கொடுங்கள் டீச்சர். மற்றவர்கள் சொல்வதைச் சுவரில் எழுதுவது அவன் பொறுப்பு. இரண்டு பேர் சொன்ன பிறகுதான் அவன் தன் பதிலை எழுதலாம். கேட்கும் பழக்கமும் வரும்.

தலைமையாசிரியருக்கு ஒரு சின்னச் சீட்டு எழுதி மேசையில் வைத்துவிடுங்கள். என்ன செய்தோம், யாருக்கு எது வரவில்லை, எந்தக் கேள்வி பாதியில் நிற்கிறது, இவ்வளவு போதும். மறுநாள் அவர் அங்கிருந்து பிடித்துக்கொள்வார். எங்கள் பள்ளியில் நான் இப்படி வைக்கத் தொடங்கிய பிறகு, மற்ற ஆசிரியர்கள் விடுப்பு எடுக்கும் முன்பு எனக்கும் இப்படி ஒரு சீட்டு விட்டுப்போகிறார்கள்.

வாழப்பாடி சார்:

கல்லில் வாய்ப்பாடு என்று ஐயா சொன்னதை என் நான்காம் வகுப்பில் செய்து பார்க்கப்போகிறேன். டீச்சர், வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் உங்கள் பள்ளிக்கு வந்திருக்கின்றனவா? நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் இருக்கும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டும்படி இரண்டிரண்டு பேராக உட்கார வைக்கலாம்.

மலைப்பள்ளி டீச்சர்:

இருக்கின்றன சார், பீரோவில். சாவி தலைமையாசிரியரிடம் இருக்கிறது. திங்கட்கிழமை கேட்டு வாங்கி, வகுப்பிலேயே கயிறு கட்டித் தொங்கவிடுகிறேன். பனிமூட்டத்துக்கும் ஒன்று யோசித்திருக்கிறேன். தினமும் காலை பிரேயர் முடிந்ததும் வராண்டாவிலிருந்து எது வரை தெரிகிறது என்று குறித்து வைப்பது. கொடிக்கம்பம், தண்ணீர்த் தொட்டி, எதிரே உள்ள சில்வர் ஓக் மரம் என்று மூன்று அடையாளம். அவை வராண்டாவிலிருந்து எத்தனை அடி என்று வெயில் அடிக்கும் ஒரு நாளில் 4, 5 வகுப்பு அளந்து கொடுத்துவிட்டால் மாதக் கடைசியில் வரைபடமே போடலாம். மேகம்தான் மலையில் முட்டி நம் வாசலுக்கு வருகிறது என்பதை அப்போது சொல்லலாம் என்றிருக்கிறேன். இதில் ஒன்றாம் வகுப்புக்கு என்ன கொடுப்பது?

அம்மாப்பேட்டை அக்கா:

தெரிந்தால் பச்சை, தெரியாவிட்டால் வெள்ளை. நாள்காட்டிக் கட்டத்தில் அவர்கள் வண்ணம் தீட்டட்டும். மாதக் கடைசியில் வெள்ளைக் கட்டங்களை எண்ணிச் சொல்ல வேண்டியதும் அவர்கள்தான்.