ஆபீஸ் பக்கத்துல இருக்கற சின்ன சைனீஸ் கடையில மதியம் என்ன வாங்கறது?

மதியப்பசி:
ஆபீஸ் பில்டிங்குக்கு பின்னாடி ஒரு சின்ன சைனீஸ் கடை, அலங்காரம் ஒண்ணும் கெடையாது, பிளாஸ்டிக் சேர், டேபிள்ல சோயா சாஸ், சில்லி ஆயில், அவ்ளோதான், ஆனா பன்னெண்டரைக்கு மேல போனா வாசல் வரைக்கும் ஆளு நிக்குது. ரெண்டு மாசமா போறேன், தினமும் ஃபிரைட் ரைஸ் இல்லன்னா நூடுல்ஸ்தான். பக்கத்து டேபிள்ல சீனாக்காரங்க செவப்பா ஒரு டோஃபு (சோயா பன்னீர்), தக்காளி முட்டைன்னு நடுவுல வெச்சு எல்லாருமா சாப்பிடுறாங்க, பாக்கவே ஆசையா இருக்கு. சுவத்துல சீன எழுத்துல வேற என்னமோ எழுதி ஒட்டிருக்காங்க, அது மெனு கார்டுல இல்ல. நாங்க நாலு பேரு, ஒருத்தர் சைவம், டைம் 1 மணி நேரம்தான். எப்படி ஆர்டர் பண்றது? அஜினோமோட்டோ கெடுதல்னு ஒரு ஃப்ரெண்ட் வேற பயமுறுத்துறாரு.

வாணலிச்சூடு:
முதல்ல ஆளுக்கொரு ஃபிரைட் ரைஸ் வாங்கறத விடுங்க. நாலு பேருக்கு மூணு ஐட்டம், ஒரு கீரை, வெறும் சோறு, இதுவே தாராளம். நீங்க பாத்த செவப்பு டோஃபு அநேகமா மாப்போ டோஃபு, சீனாவுல சிச்சுவான் மாகாணத்துல இருக்கற செங்டு ஊரோட சாப்பாடு, மொச்சை மாதிரி ஒரு பயறையும் மிளகாயையும் சேத்து புளிக்க வெச்ச விழுதுதான் அந்த நெறத்துக்கு காரணம். மேல தூவுறது சிச்சுவான் மிளகு, பேருதான் மிளகு, செடி வேற, நாக்கு லேசா மரத்துப்போகும், பயந்துராதீங்க. காரமும் அந்த மரமரப்பும் சேந்து வர்றதத்தான் அவங்க மாலான்னு சொல்றாங்க.

சுவத்துல இருக்கறது பெரும்பாலும் இன்னைக்கு என்ன நல்லா கெடச்சுதோ அது, வெக்கப்படாம கைய காட்டி கேளுங்க. பெரிய தீயில ஒரு ஐட்டம் ரெண்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சுரும், ஒவ்வொண்ணா வரும், எல்லாம் வரட்டும்னு காத்திருக்காம வந்ததும் சாப்பிடுங்க. அந்த வோக்குங்கற சீன வாணலியோட புகை வாசனை சூடு இருக்கற வரைக்கும்தான், பார்சல் வாங்கினா அது போயிரும், அதனாலதான் நான் எவ்ளோ வேலை இருந்தாலும் அங்கயே உக்காந்துதான் சாப்பிடுவேன்.

கீரைக்கட்டு:
சைவ ஃப்ரெண்டுக்காக சொல்றேன், இத கவனமா பாருங்க. மாப்போ டோஃபுல வழக்கமா கொத்துக்கறி இருக்கும், டோஃபுன்னாலே சைவம்னு நெனச்சு நான் ஒரு தடவ வாங்கிட்டேன், ரொம்ப கஷ்டமாயிருச்சு. கீரை மேல சிப்பில இருந்து பண்ற ஆய்ஸ்டர் சாஸ் ஊத்துவாங்க, சூப் எலும்பு வேகவெச்ச தண்ணியா இருக்கலாம், வறுத்த பீன்ஸ்லயும் பன்றிக்கறி போடுறதுண்டு. "கறி இல்லாம"ன்னு மட்டும் சொன்னா பத்தாது, சாஸ், சூப் தண்ணி ரெண்டையும் தனியா கேக்கணும். பூண்டு போட்டு வதக்கின கீரை, உருளைக்கிழங்கு கத்திரிக்கா குடமிளகா மூணும் சேத்து பண்ற வடக்கு சீனா ஐட்டம் ரெண்டும் நல்லாருக்கும், அதுலயும் ஆய்ஸ்டர் சாஸ் வேணாம்னு சொல்லிருங்க.

உப்புக்கணக்கு:
அஜினோமோட்டோ பயம் 1968ல ஒரு அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்த ஒரு லெட்டர்ல இருந்து கெளம்பினது, அதுலகூட இதுவா இருக்கலாம்னு ஒரு சந்தேகமாத்தான் எழுதிருந்தாங்க. அந்த உப்ப 1908ல ஜப்பான்ல இக்கெடாங்கற விஞ்ஞானி கடற்பாசில இருந்து பிரிச்செடுத்தார், அதுல ருசி குடுக்கற குளூட்டமேட்ங்கற அதே பொருள் தக்காளிலயும் காளான்லயும் இயற்கையாவே இருக்கு. அப்புறம் சாப்பாட்டோட குடுத்து பண்ண சோதனைகள்ல தலைவலி வரும்னு உறுதியா எதுவும் தெரியல. பிபி இருக்கறவங்க யோசிக்க வேண்டியது சோயா சாஸ் உப்பத்தான், டேபிள்ல இருக்கற பாட்டில எடுத்து மேல மேல ஊத்தாதீங்க.

மதியப்பசி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இன்னைக்கு 11:45க்கே போயிட்டோம், எடம் கெடச்சுது. மாப்போ டோஃபு, தக்காளி முட்டை, பூண்டு கீரை, கத்திரிக்கா, சோறு. சாஸ் பத்தி கேட்டதும் அந்த அம்மா உள்ள போயி சமையல்காரர்கிட்ட கேட்டுட்டு வந்து, கீரைய வெறும் உப்பு போட்டு தர்றேன்னாங்க, சைவ ஃப்ரெண்டு கீரையும் கத்திரிக்காயும் வெச்சு ரெண்டு கிண்ணம் சோறு சாப்ட்டாரு. தக்காளி முட்டை இவ்ளோ நல்லாருக்கும்னு எதிர்பாக்கல, அந்த சாறுல சோத்த பெசஞ்சு சாப்ட்டுட்டு சீட்டுக்கு வந்தப்ப இன்னும் பத்து நிமிஷம் மிச்சம் இருந்துச்சு. சுவத்துல மூணாவதா இருக்கறது ஏதோ மீனாம், வியாழக்கிழமை அத வாங்கறோம்.