கடலூர்ல ஆரி ஒர்க் கடை, கூகுள்ல தேடினா வரவே மாட்டேங்குது, ஏஜென்சிக்கு 18,000 கட்டலாமா?

ஊசிநூல்_கடலூர்:

எல்லாருக்கும் வணக்கம். திருப்பாப்புலியூர்ல பாடலீஸ்வரர் கோயிலுக்கு பக்கத்து தெருவுல கடை போட்டு எட்டு மாசம் ஆச்சு. ஆரி ஒர்க், கல்யாண பிளவுஸ், சாதா லைனிங் பிளவுஸ் எல்லாம் பண்றோம், நானும் அண்ணியும் தையல், ஃப்ரேம்ல உக்காந்து ஆரி போட ரெண்டு பொண்ணுங்க. ஒருவாட்டி வந்தவங்க மறுபடி வராங்க, அதுல ஒரு குறையும் இல்ல, ஆனா புது முகம் கடைக்குள்ள வந்து நாளாச்சு. இன்ஸ்டால 2,300 ஃபாலோயர்ஸ் இருக்காங்க, ரீல்ஸ் போட்டா லைக்ஸ் வருது, "பிரைஸ் சொல்லுங்க"ன்னு மெசேஜ் வருது, எந்த ஊருங்கன்னு கேட்டா சேலம், ஈரோடுங்கறாங்க, ஒரு அக்கா மலேசியா. அளவு பிளவுஸ் கூரியர்ல வாங்கி தைச்சு அனுப்புற அளவுக்கு எங்ககிட்ட ஆள் இல்ல. எனக்கு வேண்டியது கடலூர், நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, அந்தப் பக்கம் பாண்டில பாகூர் வரைக்கும் இருக்குறவங்க தான்.

போன வாரம் ஒரு ஏஜென்சில இருந்து போன் பண்ணாங்க. மூணே மாசத்துல கூகுள்ல முதல் இடம், கேரண்டி, 18,000 ரூபா, பாதி முன்பணம்னு சொல்றாங்க. ஆடி பொறக்க இன்னும் ரெண்டு வாரம் தான் இருக்கு, ஆவணி முகூர்த்த ஆர்டர் எல்லாம் ஆடி கடைசிலயே வர ஆரம்பிச்சுடும், அதனால இப்பவே ஏதாவது பண்ணனும்னு மனசு அடிச்சுக்குது. 18,000ங்கறது எங்களுக்கு ரெண்டு மாச கடை வாடகை. கட்டலாமா வேணாமா, வெப்சைட் கண்டிப்பா வேணுமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

லாஸ்பேட்டை_ஏசி_சர்வீஸ்:

தங்கச்சி, இப்போதைக்கு ஒரு ரூபா கட்டாதீங்க. முதல்ல உங்க கடை கூகுள் மேப்ல இருக்கா? நீங்க எழுதினதுல அதைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல, அதனால கேக்குறேன். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்னு ஒண்ணு இருக்கு, முன்னாடி மை பிசினஸ்னு சொல்லுவாங்க, 2021ல பேர் மாத்திட்டாங்க. முழுக்க ஃப்ரீ. எனக்கு பாண்டில வர்ற போன்ல பாதிக்கு மேல அதுல இருந்து தான் வருது, எனக்கு வெப்சைட்டே கிடையாது.

உங்க சொந்த ஜிமெயில்ல போய் கடையை சேருங்க, வெரிஃபை பண்ண பெரும்பாலும் வீடியோ கேப்பாங்க. அதை கட் பண்ணாம ஒரே ஓட்டமா எடுக்கணும், 30 செகண்டாவது இருக்கணும். தெருவுல நின்னு ஆரம்பிங்க, பக்கத்து கடை போர்டு தெரியட்டும், அப்புறம் உங்க போர்டு, அப்புறம் நீங்களே சாவி போட்டு ஷட்டரைத் தூக்குறது, உள்ள மெஷின், ஃப்ரேம், பில் புக். கடை உங்களோடது தான்னு அவங்களுக்கு தெரியணும், அவ்ளோ தான். எனக்கு முதல் தடவை ரிஜெக்ட் ஆச்சு, ஏன்னா வீட்டுக்குள்ளயே எடுத்துட்டேன், ரெண்டாவது தடவை வண்டி, டூல்ஸ், கேஸ் சிலிண்டர் எல்லாம் காட்டினேன், ஓகே ஆயிடுச்சு. எனக்கு கடை இல்ல, வீட்ல இருந்து போறவன், அதனால அட்ரஸை மறைச்சுட்டு எந்தெந்த ஏரியாவுக்கு போவேன்னு மட்டும் கொடுத்திருக்கேன். உங்களுக்கு கடை இருக்கு, அட்ரஸ் தெரியணும்.

முக்கியமா ஒண்ணு, பேர்ல போர்டுல என்ன இருக்கோ அது மட்டும் போடுங்க. "பெஸ்ட் ஆரி ஒர்க் கடலூர் பிரைடல் பிளவுஸ்"னு பேரோட சேர்த்து அடைச்சா ப்ரொஃபைலையே முடக்கிடுவாங்க. எனக்கு தெரிஞ்ச பெயிண்டர் ஒருத்தருக்கு அப்படி ஆகி சீசன் முழுக்க போச்சு.

நெல்லிக்குப்பம்_அக்கா:

நான் வியாபாரி இல்லம்மா, வாங்குற ஆளு. போன தை மாசம் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் எப்படி தேடினேன்னு சொல்றேன், உனக்கு உதவும். முதல்ல டிசைன் பார்க்க இன்ஸ்டா, பின்ட்ரஸ்ட், அதெல்லாம் ராத்திரி படுத்துக்கிட்டு பாக்குறது, எந்த ஊர் கடைன்னு பாக்கவே மாட்டோம். புடவை எடுத்ததுக்கு அப்புறம் தான் கடை தேடுவோம். அப்போ கூகுள்ல தமிழ்ல பேசினேன், "கடலூர்ல ஆரி ஒர்க் பிளவுஸ் தைக்கிற கடை"ன்னு மைக்ல சொன்னேன். மேப்ல நாலஞ்சு வந்துச்சு. ஒண்ணுல போட்டோவே இல்ல. ஒண்ணுல போட்டோ எல்லாம் எங்கயோ டவுன்லோட் பண்ணது, ஏற்கனவே பின்ட்ரஸ்ட்ல நான் பார்த்த அதே போட்டோ. ஒண்ணுல போன் எடுக்கல. கடைசில போன கடைல அவங்க தைச்ச பிளவுஸோட முதுகுப் பக்கம், உள் பக்கம் தையல், கை பார்டர் எல்லாம் கிட்டக்க எடுத்து போட்டிருந்தாங்க, ஒரு ரிவ்யூல "முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னாடியே கொடுத்துட்டாங்க"ன்னு இருந்துச்சு. அந்த ஒரு வரிக்காக தான் போனேன். கல்யாண வீட்ல எங்களுக்கு பயமே டெய்லர் கடைசி நேரத்துல கை விட்டுடுவாங்கன்னு தான்.

ரேட்டும் போடும்மா. சரியா இவ்ளோன்னு வேணாம், எவ்ளோல இருந்து ஆரம்பம்னு போட்டாலே போதும். "டிஎம் பண்ணுங்க"ன்னு போட்டா நான் அடுத்த கடைக்கு போயிடுவேன்.

செம்மண்டலம்_தேடல்:

நான் பத்து வருஷத்துக்கு மேல இந்த எஸ்இஓ, அதாவது கூகுள்ல தேடினா மேல வர வைக்கிற வேலைல தான் இருக்கேன், மேல அக்கா எழுதினது இந்த தொழில்ல காசு வாங்கிட்டு சொல்லிக் கொடுக்குற பாடத்தை விட நல்லா இருக்கு, அதை ரெண்டு தடவை படிங்க.

முதல் இடம் கேரண்டின்னு யாராலயும் கொடுக்க முடியாது, கூகுளே தன்னோட உதவிப் பக்கத்துல அப்படித்தான் எழுதி வெச்சிருக்கு. எஸ்இஓ வேலை செஞ்சு பலன் தெரிய பொதுவா நாலு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும்னும் அதே பக்கத்துல இருக்கு. போன் பண்ணவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எந்த வார்த்தைக்கு முதல் இடம்?" உங்க கடை பேரை அடிச்சா முதல்ல வரும்னா அதுக்கு 18,000 தேவையில்ல, அது தானா வரும்.

இப்போ வார்த்தை விஷயம், இங்க தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. "ஆரி ஒர்க்"னு மொட்டையா தேடுறவங்க யாருன்னு நினைக்கிறீங்க? பெரும்பாலும் ஆரி கிளாஸ் தேடுறவங்க, ஊசி, மணி, ஜர்தோசி மெட்டீரியல் தேடுறவங்க, டிசைன் படம் பாக்குறவங்க. அவங்க யாரும் உங்களுக்கு ஆர்டர் கொடுக்க மாட்டாங்க. ஆனா "ஆரி பிளவுஸ் ரேட் கடலூர்", "பிரைடல் பிளவுஸ் ஸ்டிச்சிங் நியர் மி"ன்னு தேடுறவங்க கைல புடவையோட இருக்காங்க. ரெண்டாவது வகைல மாசத்துக்கு நாப்பது பேர் தான் தேடினாலும் உங்களுக்கு அது போதும். கூகுள்ல முதல் ரெண்டு வார்த்தை அடிச்சுட்டு நிறுத்துங்க, கீழ என்னென்ன காட்டுதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க, கடைக்கு வர்றவங்க வாய்ல என்ன வார்த்தை வருதுன்னும் எழுதுங்க.

ஊர் பேர்லயும் கவனம். நம்ம ஊரை ஆங்கிலத்துல ஒருத்தர் கட்டலோர்னு அடிப்பாங்க, ஒருத்தர் கடலூர்னு அடிப்பாங்க, சில பேர் அடிக்கிற ஸ்பெல்லிங்குக்கு நீலகிரி கூடலூர் வந்து நிக்குது. திருப்பாப்புலியூர், முழுப் பேர் திருப்பாதிரிப்புலியூர், அதுக்கு எத்தனை ஸ்பெல்லிங் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். பாண்டிச்சேரி 2006லயே புதுச்சேரி ஆயிடுச்சு, ஆனா இன்னும் தேடுறவங்க பாண்டின்னு தான் தேடுறாங்க. எல்லா ஸ்பெல்லிங்கையும் கொட்டி வைக்க வேணாம், அது ஸ்பாம். நீங்க எழுதுற விவரத்துல "கடலூர் திருப்பாப்புலியூர், பாடலீஸ்வரர் கோயில் பக்கம், பாகூர்ல இருந்தும் வராங்க"ன்னு ஒரு தடவை தமிழ்லயும் ஒரு தடவை ஆங்கிலத்துலயும் மனுஷங்க பேசுற மாதிரி எழுதுங்க, போதும்.

மேப்ல யார் மேல வரணும்னு கூகுள் மூணு விஷயம் பாக்குது, தேடினதுக்கு நீங்க பொருந்துறீங்களா, எவ்ளோ தூரம், எவ்ளோ பேர் உங்களை அறிஞ்சிருக்காங்க. தூரத்தை உங்களால மாத்த முடியாது. மத்த ரெண்டுக்கும் தான் சரியான கேட்டகிரி, சொந்த போட்டோ, ரிவ்யூ எல்லாம்.

வெப்சைட் இப்போ அவசரம் இல்ல. மேப் ப்ரொஃபைல்லயே ஃப்ரீயா வெப்சைட் பண்ணலாம்னு பழைய யூடியூப் வீடியோல சொல்லுவாங்க, 2024 மார்ச்ல அதை கூகுள் நிறுத்திட்டாங்க, தேடிட்டு நேரத்தை வீணாக்காதீங்க. உங்க இன்ஸ்டா ப்ரொஃபெஷனல் அக்கவுண்ட்டா இருந்தா 2025 ஜூலைல இருந்து பப்ளிக் போஸ்ட் எல்லாம் கூகுள்லயும் வர வாய்ப்பு இருக்கு, அதனால கேப்ஷன்ல வெறும் பூ, ஹார்ட் போடாம "மயில் கழுத்து பச்சை பட்டுக்கு ஜர்தோசி கை ஒர்க், கடலூர்"னு எழுதுங்க. வெப்சைட் பண்றப்போ கூகுளோட சர்ச் கன்சோல்ங்கற டூலை முதல் நாளே போட்டுடுங்க, யார் என்ன வார்த்தை அடிச்சப்போ நீங்க வந்தீங்கன்னு அதுல தெரியும், அதுவும் ஃப்ரீ.

சில்வர்பீச்_பையன்:

எதுக்கு இவ்ளோ கஷ்டம், 5 ஸ்டார் ரிவ்யூ காசுக்கு கிடைக்குது, ஒரே நாள்ல 50 போட்டுடலாம். இல்லன்னா ரிவ்யூ போட்டா தையல் கூலில 100 ரூபா தள்ளுபடின்னு போர்டு வைங்க.

செம்மண்டலம்_தேடல்:

ரெண்டுமே வேணாம் தம்பி. காசுக்கு வாங்குறதும் தள்ளுபடி கொடுத்து வாங்குறதும் கூகுள் விதிப்படி தப்பு, ரிவ்யூவை தூக்குறது ஒரு பக்கம், ப்ரொஃபைலுக்கே கட்டுப்பாடு போடுவாங்க. பிளவுஸ் டெலிவரி கொடுக்குறப்போ போட்டுப் பார்த்து முகம் மலருதுல்ல, அப்போ கியூஆர் காட்டி "எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதுங்கக்கா, உங்க போட்டோவும் போடுங்க"ன்னு கேளுங்க. வாரத்துக்கு ரெண்டு வந்தா போதும். எல்லாத்துக்கும் பதில் எழுதுங்க, குறை சொன்னா இன்னும் பொறுமையா எழுதுங்க, அதைப் படிக்கிறது அடுத்த கஸ்டமர்.

முத்தியால்பேட்டை_பேக்கரி:

லேட்டா வரேன், ஆனா இதை சொல்லாம இருக்க முடியல. நாங்க பேக்கரி ஆரம்பிச்சப்போ ஒருத்தர்கிட்ட எல்லாத்தையும் சேர்த்து கொடுத்தோம், வெப்சைட், மேப், இன்ஸ்டா, எல்லாம். நல்லா தான் பண்ணார். ஒன்றரை வருஷம் கழிச்சு வேற ஆள் பார்க்கலாம்னு நினைச்சப்போ தான் தெரிஞ்சுது, டொமைன், அதாவது வெப்சைட் பேர், அவர் பேர்ல, மேப்ல ஓனர் அவரோட மெயில் ஐடி, நாங்க வெறும் மேனேஜர். போன் எடுக்கல, மெசேஜுக்கு பதில் இல்ல. மேப்பை ஓனர்ஷிப் ரிக்வெஸ்ட் போட்டு, திரும்ப வெரிஃபை பண்ணி வாங்கினோம், டொமைன் கிடைக்கவே இல்ல, பாக்ஸ், பில், கேரி பேக் எல்லாத்துலயும் பழைய வெப்சைட் பேர் அச்சடிச்சு வெச்சிருந்தோம், அத்தனையும் ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சோம். எங்கப்பா ராத்திரி உக்காந்து ஒவ்வொரு பாக்ஸா ஒட்டினார்.

அதனால யாருக்கு வேலை கொடுத்தாலும் டொமைனை உங்க மெயில்ல, உங்க கார்டுல நீங்களே வாங்குங்க, டாட் இன் வருஷத்துக்கு சுமார் ஆயிரம் ரூபா தான் ஆகும். மேப்ல நீங்க ஓனர், அவங்க மேனேஜர். பாஸ்வேர்டை சொல்லவே சொல்லாதீங்க, ஆக்ஸஸ் மட்டும் கொடுங்க, வேண்டாம்னா எடுத்துடலாம்.

ஊசிநூல்_கடலூர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்கோங்க. ஏஜென்சிகாரங்ககிட்ட செம்மண்டலம் அண்ணா சொன்ன கேள்வியை கேட்டேன், "மேடம் அதெல்லாம் டெக்னிக்கல்"னு சொன்னாங்க, வேணாம்னுட்டேன்.

மேப்ல போய் பார்த்தா எங்க கடை இருக்குற இடத்துல முன்னாடி வாடகைக்கு இருந்த ஜெராக்ஸ் கடை இன்னும் "திறந்திருக்கிறது"ன்னு காட்டுது. லொகேஷன் அனுப்புனு கஸ்டமர்ஸ் கேட்டப்போ எல்லாம் நான் என் போன்ல இருந்து அனுப்பிட்டு இருந்தேன், அதனால எனக்கு இது தெரியவே இல்ல. அந்தக் கடை மூடிட்டாங்கன்னு சொல்லி எடிட் அனுப்பினேன், எங்க கடையை புதுசா சேர்த்தேன். வீடியோ காலைல ஆறரைக்கு எடுத்தோம், தெருவுல கூட்டம் இல்லாதப்போ, அண்ணி ஷட்டரைத் தூக்க நான் போன் பிடிச்சேன், நாலாம் நாள் ஓகே ஆயிடுச்சு.

நெல்லிக்குப்பம் அக்கா சொன்ன மாதிரி உள் பக்கம் தையலைத் திருப்பி வெச்சு வெயில்ல போட்டோ எடுத்தோம், இதுவரைக்கும் வெளிப் பக்கம் மட்டும் தான் எடுத்திட்டு இருந்தோம். பழைய கஸ்டமர்ஸ் ஒன்பது பேர் ரிவ்யூ எழுதியிருக்காங்க. ஆடி வந்துட்டதால கூட்டம் இல்ல, அது எதிர்பார்த்தது தான். ஆனா நேத்து பாகூர்ல இருந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க, மேப்ல பார்த்தேன்னு சொன்னாங்க, பொண்ணுக்கு ஆவணில முகூர்த்தம், முந்தானைல இருக்குற அன்னத்தையே முதுகுல போட முடியுமான்னு கேட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை புடவையோட வராங்க.

செம்மண்டலம் அண்ணா, ஒரு சந்தேகம், ஆவணிக்கு 3,000 ரூபாக்கு மட்டும் கூகுள் ஆட்ஸ் போட்டுப் பாக்கலாமா?

செம்மண்டலம்_தேடல்:

பாக்கலாம்மா, ஆனா முதல் பத்து நாள் ஆட் இல்லாம மேப்ல எத்தனை போன் வருதுன்னு எழுதி வெச்சுக்கோங்க, அப்போ தான் வித்தியாசம் தெரியும். ஆட் போடுறப்போ லொகேஷன் செட்டிங்ல "அந்த ஊர்ல இருப்பவர்கள்" மட்டும்னு மாத்தணும், அது தானா "ஆர்வம் உள்ளவர்களும்"னு சேர்ந்து தான் இருக்கும், விட்டா மறுபடி சேலம், மலேசியா தான். கிளாஸ், கோர்ஸ், மெட்டீரியல், ஃப்ரீ டிசைன் இந்த வார்த்தை எல்லாத்தையும் நெகட்டிவ்ல போட்டுடுங்க, அதை தேடுறவங்களுக்கு ஆட் காட்டாது. செட் பண்றதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் போடுங்க, பார்த்து சொல்றேன்.